அடங்கலில் யார் பெயரோ, அவருக்குத்தான் நிவாரணம்

2021 பொங்கல் சமயத்தில் காவிரி டெல்டாவில் பெய்த மழையை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தை பிறந்ததும் அறுக்கலாம் என்று காத்திருந்த சம்பா நெல், கதிர் முற்றிய நிலையில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் கீழ்வேளூர் பக்கம் ஒரு வரப்பில் நின்றிருந்தேன். ஒரு பெரியவர் சாய்ந்த பயிருக்குள் கையை விட்டு ஒரு கொத்துக் கதிரை இழுத்துக் காட்டினார். மேல்பக்கம் பொன்னிறமாக, குறை சொல்ல முடியாத நெல். திருப்பிப் பிடித்தால் அடிப்பக்கம் முழுக்கப் பச்சை முளை, அரை விரல் நீளத்துக்கு. "மேல பார்த்தா வெளைஞ்ச பயிரு, அடியில பார்த்தா நாத்தங்கால். இத என்னன்னு எழுதுவாங்க தம்பி?" என்று கேட்டார்.

என்னவென்று எழுதுவார்கள் என்பதைவிட, கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் யார் பெயரில் எழுதுவார்கள் என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. பதினெட்டு வருடமாக உழுது வந்தாலும் அந்த நிலம் அவருடையது இல்லை. வாய்ப்பேச்சுக் குத்தகை.

அந்த மழைக்கு அரசு அறிவித்த நிவாரணம் சின்னத் தொகை இல்லை. மாநிலம் முழுக்க 6.81 லட்சம் ஹெக்டேர், 11 லட்சத்துக்கும் அதிகமான விவசாயிகள், சுமார் 1,117 கோடி ரூபாய். படித்தால் மலைப்பாக இருக்கும். தலைக்குப் பிரித்துப் பார்த்தால் சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரத்தைத் தொடவில்லை. இந்தப் பணம் எந்தக் கணக்கில் வருகிறது, எதைப் பார்த்து வருகிறது, ஏன் சிலருக்கு வராமலே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கலெக்டர் அலுவலக வாசலில் ஏன் கூட்டம் நிற்கிறது என்பது புரியும்.

முதலில் பெயர். பேச்சுவழக்கில் இதை இழப்பீடு என்கிறோம். அரசின் விதிப்படி இது இழப்பீடே கிடையாது. கோப்பில் இதன் பெயர் 'இடுபொருள் மானியம்'. அதாவது, போன நெல்லுக்கு விலை கொடுக்கவில்லை. அடுத்த முறை விதைக்கவும் உரம் வாங்கவும் கொஞ்சம் கைகொடுக்கிறோம் என்று பொருள். மத்திய உள்துறை அமைச்சகம் வகுத்த விதிகளின்படி, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து இந்த மானியம் கொடுக்கப்படுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் அந்த நிதிக்கு மத்திய அரசு 75 சதவீதமும் மாநில அரசு 25 சதவீதமும் போடுகின்றன. பயிரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் மானியம். 2015-க்கு முன்னால் இந்த எல்லை 50 சதவீதமாக இருந்தது. அந்த ஆண்டு எல்லையும் இறங்கியது, தொகையும் கூடியது: பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500, மானாவாரிக்கு 6,800, தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்கு 18,000. 2022-ல் அதுவும் திருத்தப்பட்டு முறையே 17,000, 8,500, 22,500 ஆனது. ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர்.

ஹெக்டேர் என்பது அரசாங்கத்து அளவு. டெல்டாவில் யாரும் ஹெக்டேரில் யோசிப்பதில்லை. அங்கே மா, வேலி. நூறு குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. 17,000 ரூபாயை அந்தக் கணக்குக்குக் கொண்டுவந்தால் ஒரு மாவுக்கு ஏறக்குறைய 2,270 ரூபாய். ஏக்கருக்கு 6,880. சம்பாவுக்கு ஏக்கருக்கு முப்பதாயிரமாவது செலவாகிறது என்பதுதான் அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் வரும் பதில். 2 ஹெக்டேர் என்ற உச்சவரம்போ பதினைந்து மாவில் முடிந்துவிடும், ஒரு வேலிகூடத் தேறாது.

மாநில அரசு தன் கையிலிருந்து கூடுதலாகப் போட்டுக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறது. அந்த 2021 மழைக்கு 13,500-ஐ 20,000 ஆக உயர்த்தினார்கள், 2 ஹெக்டேர் வரம்பையும் எடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் மறுபடியும் பருவம் தவறி மழை பெய்து சம்பா, தாளடி நெற்பயிர்கள் சாய்ந்தபோதும் 20,000 அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், மேட்டூரில் தண்ணீர் இல்லாமல், குறுகிய கால நெல்லான குறுவை காய்ந்தது. அதற்கு 13,500. டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அப்போது 17,000. ஒரே காலண்டரில், ஒரே நெல்லுக்கு மூன்று விலை. ஒவ்வொரு அறிவிப்புக்கும் அதற்கான காரணம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு வரும் என்று எந்த விவசாயியும் முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது. மழை நின்றதும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அறிவிப்பு வந்ததும் கணக்கெடுப்பு. கிராம நிர்வாக அலுவலரும் (வி.ஏ.ஓ.) உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வயலைப் பார்க்க வேண்டும். சர்வே எண், பரப்பு, பயிர், சேத சதவீதம் என்று பட்டியல் எழுதி வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று மேலே அனுப்பி, கலெக்டர் கையெழுத்தாகி, அரசாணை வந்து, பிறகு கருவூலம் வழியாக வங்கிக் கணக்குக்குப் பணம். சொல்லும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. வயலில் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு கிராமத்துக்கு ஒரு வி.ஏ.ஓ. கூடுதல் பொறுப்பு பார்க்கும் காலம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீரில் எல்லா வயலுக்குள்ளும் அவரால் இறங்க முடியாது. ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, வரப்பில் பத்தடி நடந்து, கைக்கு எட்டுகிற கதிரைப் பிடித்துப் பார்ப்பார். அந்தத் தெரு முனையிலிருந்து அரை மைல் உள்ளே, வடிகால் அடைத்துக்கொண்ட பள்ளத்தில் கிடக்கும் வயலுக்கு ஆள் போவதற்குள் இருட்டிவிடும். 33 சதவீதம் என்பதை எந்தக் கருவியும் அளப்பதில்லை, கண்தான் அளக்கிறது. 32 என்று எழுதினால் ஒன்றுமில்லை, 33 என்று எழுதினால் முழு மானியம். இவ்வளவு பெரிய படிக்கட்டை ஒரு மனிதரின் கண் பார்வையில் தொங்க விட்டிருக்கிறோம். அந்த வி.ஏ.ஓ.வும் பாவம்தான். ஊர் முழுக்கத் தெரிந்த முகம். யாருக்கு எழுதினாலும் எழுதாவிட்டாலும் பேச்சு அவருக்குத்தான்.

இதில் நேரம்தான் விவசாயியை அதிகம் வதைக்கிறது. சாய்ந்த பயிரை இரண்டு நாளில் அறுத்தால் பாதியாவது தேறும். ஈர வயலில் டயர் வைத்த அறுவடை மிஷின் இறங்காது, பெல்ட் மிஷின்தான் வேண்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதால் அதன் மணி வாடகை ஏறிவிடும், மணி நேரமும் கூடும். அந்தச் செலவு செய்து அறுத்துவிட்டால், கணக்கெடுக்க வருகிறவருக்குக் காட்ட அங்கே அறுத்த அடித்தாள்தான் இருக்கும். அறுக்காமல் வைத்திருந்தால் மிச்சமும் முளைத்துவிடும். கீழ்வேளூர்ப் பெரியவர் மூன்றாவது வழி ஒன்று வைத்திருந்தார். வயலின் மேட்டுப் பக்கம் அறுத்துவிட்டு, பள்ளத்துப் பக்கம் அரை மாவை மட்டும் அப்படியே விட்டிருந்தார். "சார் வந்தா காட்டணும்ல." சாட்சிக்காக விட்ட நெல் அது. ஐந்து நாள் கழித்து வந்தவர்கள் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள்.

அறுத்த நெல்லுக்கும் அடுத்த சோதனை காத்திருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள். மழை வருடத்தில் அது நடக்காத காரியம் என்பதால் ஒவ்வொரு முறையும் மத்திய அரசிடம் தளர்வு கேட்டுக் கடிதம் போகும், குழு வந்து மாதிரி எடுக்கும். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் வரை அனுமதித்தார்கள். அனுமதி வரும் வரை நெல் களத்தில் தார்ப்பாய்க்கு அடியில்.

இப்போது அந்தப் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நிவாரணத்துக்குக் கேட்கும் காகிதங்கள் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்: சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அடங்கல் அந்த நிலத்தில் இந்தப் பசலியில், அதாவது இந்த வருவாய்க் கணக்கு ஆண்டில், என்ன விளைகிறது என்று சொல்லும். கிராமக் கணக்குகளில் அடங்கல் இரண்டாம் எண். வெள்ளைக்காரன் காலத்தில் நிலவரி வசூலிக்க வளர்ந்த கணக்கு முறை அது. எந்த வயல் விளையாமல் சாவியாகப் போனது, எதற்கு வரியைத் தள்ளுபடி செய்யலாம் என்று ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் முடிவு செய்ய இப்படிப்பட்ட கணக்கு வேண்டியிருந்தது. பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறையை 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்து, வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். ஆள் மாறினாலும் கணக்கின் குணம் மாறவில்லை. அது வரி கட்டுகிறவனைத் தேடுவதற்கு எழுதப்பட்ட புத்தகம். இன்று அதையே திருப்பிப் பிடித்து, உதவி பெற வேண்டியவனைத் தேடுகிறோம். வரி கட்டுகிறவன் நிலச் சொந்தக்காரன். வெள்ளத்தில் பயிரை இழந்தவன் பல இடங்களில் வேறு ஆள்.

டெல்டாவில் இது ஓரத்தில் இருக்கும் பிரச்சினை இல்லை. நாகை, திருவாரூர், தஞ்சை, மயிலாடுதுறை வட்டாரங்களில் கோயில், மடம், அறக்கட்டளை நிலங்கள் ஏராளம். அவற்றைச் சாகுபடி செய்பவர்கள் குத்தகைக்காரர்கள். அவர்களிடமாவது குத்தகை ரசீது இருக்கும், அதைக் காட்டி அடங்கல் வாங்கலாம். குத்தகை பாக்கி இருந்தால் அதுவும் சிக்கல். தனியார் நிலத்தில் நிலைமை இன்னும் மோசம். சொந்தக்காரர் சென்னையிலோ துபாயிலோ இருப்பார். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று போனில் பேச்சு. எழுத்து ஒன்றும் இருக்காது.

எழுதக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லப்போனால் எழுதத்தான் சொல்கிறது. சாகுபடிக் குத்தகைதாரர்களைக் காப்பாற்ற 1955-லேயே சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ல் தனிச் சட்டமே வந்தது. நோக்கம் நல்லது. பதிவான குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற முடியாது என்பதால், சொந்தக்காரர்கள் பதிவு என்ற பேச்சையே விரும்புவதில்லை. கேட்டால் அடுத்த வருடம் நிலம் வேறு ஆளுக்குப் போகும். காப்பாற்ற வந்த சட்டமே மறைத்து வைக்கக் காரணமாகிவிட்டது. சொந்தக்காரர் பெயரில் அடங்கல், சொந்தக்காரர் பாஸ்புக், நிவாரணமும் அங்கேயே. ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் பிஎம் கிசான் திட்டமும் நிலம் உள்ளவருக்கு மட்டும்தான் என்பதால், குத்தகைக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு ஒன்றே.

ஆந்திராவில் 2019-ல் வேறு மாதிரி முயன்றார்கள். நிலத்தின் மீதான உரிமையைத் தொடாமல், பயிரின் மீது மட்டும் 11 மாதத்துக்குச் சாகுபடியாளருக்கு உரிமை தரும் அட்டை. சொந்தக்காரருக்கு நிலம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம் என்பது யோசனை. அங்கேயும் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பதால் எல்லாருக்கும் அட்டை கிடைத்துவிடவில்லை. ஆனாலும் நிலம் வேறு, பயிர் வேறு என்று சட்டத்தில் பிரித்து எழுதினார்களே, அது பெரிய அடி. நம் ஊரில் 2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயல்களுக்கு அனுப்பினார்கள். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று போட்டோவுடன் பதிவாகும். அதோடு நிற்காமல் 'இதை யார் சாகுபடி செய்கிறார்' என்ற ஒரு கேள்விக்கும் நேர்மையான பதில் பதிவானால், பாதிப் பிரச்சினை தீரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சொந்தக்காரர்களிலும் எல்லாருக்கும் வழி சுலபமில்லை. தாத்தா பெயரில் பட்டா, அவர் காலமாகி முப்பது வருடம், வாரிசுகள் ஒன்பது பேர், கூட்டுப் பட்டா. விதவையான மருமகள் தனியாகச் சாகுபடி செய்கிறாள் என்றால், நிவாரணம் வாங்க எட்டு பேரிடம் சம்மதக் கையெழுத்துக்கு அலைய வேண்டும்.

அப்புறம் காப்பீடு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. நிவாரணமும் காப்பீடும் ஒன்றில்லை என்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. நிவாரணம் அரசின் பேரிடர் நிதி. காப்பீடு நீங்கள் பிரீமியம் கட்டி வாங்குவது. 2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,500 ரூபாய்க்குக் காப்பீடு என்றால் 548 ரூபாய். மிச்சப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. தொகையைப் பார்த்தால் நிவாரணத்தைவிடக் காப்பீடு எவ்வளவோ மேல். ஆனால் அது பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்ப்பதில்லை, உங்கள் வருவாய்க் கிராமத்தைப் பார்க்கிறது. கிராமத்தில் சில இடங்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் போட்டு அறுத்து, எடைபோட்டு, ஊரின் சராசரி விளைச்சலைக் கண்டுபிடிக்கிறார்கள். முந்தைய ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை வைத்து ஓர் உத்தரவாத மகசூல் இருக்கும். ஊர்ச் சராசரி அதைவிடக் குறைந்தால்தான் பணம். மேட்டு வயல்கள் தப்பித்து, பள்ளத்து வயல்கள் மட்டும் மூழ்கிய ஊரில், மூழ்கியவனுக்கும் பூஜ்யம் வரலாம். பக்கத்து ஊருக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை என்ற மறியல்களில் பலவற்றுக்கு இந்த ஐந்து மீட்டர் சதுரம்தான் காரணம். குறுவைக்கோ 2021-ல் மாநிலத்தில் இந்தக் காப்பீடே இல்லை, அடுத்து வந்த ஆண்டுகளிலும் அது வேண்டும் என்று டெல்டாக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நெல்லாவது ஆறு மாதப் பயிர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது சாய்ந்தது தென்னை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் என்று தோப்பு தோப்பாக வேரோடு கிடந்தது. நீண்டகாலப் பயிருக்கு அன்றைய மத்திய விதிப்படி ஹெக்டேருக்கு 18,000 தான். மாநில அரசு மரக் கணக்குக்கு மாறியது: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். விதியைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அப்படியும் மரத்துக்கு 600 என்ற விலையை எந்தத் தோப்புக்காரராலும் ஏற்க முடியவில்லை. கன்று வைத்து ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றினால்தான் முதல் குலை. வெட்டி அகற்ற 500 என்றார்கள், மிஷின் கிடைக்காமல் மாதக்கணக்கில் மரங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்து வண்டு பிடித்தன. அந்தப் புயலுக்கு மாநிலம் கேட்டது 15,000 கோடி அளவில். மத்திய அரசு ஒப்புதல் தந்தது 1,146 கோடி. 2023 டிசம்பர் வெள்ளங்களுக்கு 37,000 கோடிக்கு மேல் கேட்டு, 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது 276 கோடி. மாநிலம் மொத்த இழப்பைக் கணக்கிட்டுக் கேட்கிறது, மத்தியக் குழு விதிப்பட்டியலில் உள்ள இனங்களுக்கு மட்டும் விதிப்படியான தொகையைப் போடுகிறது. இரண்டு பேர் இரண்டு வேறு கேள்விக்கு விடை எழுதினால் விடை ஒத்துப்போகாது. நடுவில் நிற்பது தோப்புக்காரர்.

மழைக்கும் பணத்துக்கும் நடுவில் மாதங்கள் ஓடும். அந்த மாதங்களில் குடும்பத்தைத் தாங்குவது நகைக்கடன். மழை வருடங்களில் கடைத்தெருவில் அடகுக்கடைகளும் கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் கவுண்டரும் பரபரப்பாக இருப்பதை யாரும் பார்க்கலாம். நிவாரணம் வரும்போது அது வட்டிக்குத்தான் போகும். ஏற்கெனவே பயிர்க்கடன் பாக்கி இருக்கும் கணக்கில் பணம் விழுந்தால், வங்கியே எடுத்துக்கொள்ளும் கதையும் உண்டு. என் சித்தப்பாவுக்கு ஒருமுறை அப்படி நடந்தது. மெசேஜ் வந்த சந்தோஷத்தில் வங்கிக்குப் போனவர், பாஸ்புக்கில் வரவையும் பற்றையும் அடுத்தடுத்த வரியில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

கீழ்வேளூர்ப் பெரியவரைச் சித்திரையில் மறுபடி பார்த்தேன். சாட்சிக்கு விட்டிருந்த அரை மாவும் உழவில் மறைந்து, வயல் பயறு எடுத்துக் காலியாகக் கிடந்தது. நிவாரணம் வந்துவிட்டதாம், சொந்தக்காரர் கணக்குக்கு. அவர் நல்ல மனிதர், பாதியை அனுப்பினார் என்று சொன்னார். சொல்லும்போது முகத்தில் உண்மையான நன்றி இருந்தது. "குறுவைக்காவது உங்க பேர்ல அடங்கல் போடச் சொல்லிக் கேட்டீங்களா ஐயா?" என்றேன். வி.ஏ.ஓ.வைக் கேட்டிருக்கிறார். சொந்தக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் போட்டுத் தருகிறேன் என்று அவரும் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதத்தைப் பெரியவர் கேட்கவில்லை. "பதினெட்டு வருசமா உழுவுற நெலம் தம்பி. ஒரு கடுதாசி கேட்டு அதையும் விட்டுடறதா?" என்று சொல்லிவிட்டு, மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று என்னைக் கேட்டார்.